ஏழாம் அட்டவணை

19.9.93, ஞாயிறு

புழுக்கம். மேகம் மலை உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, இறங்கும் எண்ணமில்லை. சமையலறையில் மூன்று ஓடு மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் ஏணி கேட்டேன். "நாளைக்குத் தாரேன் சார்." போன வருடமும் இதே "நாளைக்கு"தான். குறித்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து பஸ் ஸ்டாண்டில் பழம் வாங்க நின்றபோது சுவரில் நோட்டீஸ். "நாடெங்கும் அதிவேக ரயில்! சிறப்புரை!" கீழே அந்தப் பெயர். அக்டோபர் 3, காலை பத்து மணி, ராஜபாளையம், வர்த்தகர் சங்க மண்டபம். பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்கள். ஒரு வெள்ளாடு பசை ருசிக்கு நோட்டீசின் ஓரத்தை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. இரண்டு பட்டம் போயிற்று. விரட்டவில்லை.

அந்தப் பெயரை இந்த நோட்டில் முழுதாக எழுத மாட்டேன். ச. போதும்.

பன்னிரண்டு வருடம். எண்பதிலும் எண்பத்தொன்றிலும் மெட்ராஸ் ரயில்வே ஆபீசில் ச. அதிகாரி, நான் டிராப்ட்ஸ்மேன். நாட்டின் நாலு மூலையையும் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் இணைக்கும் பாதைக்கு ஒரு முன்வரைவு கேட்டார்கள். ச.வுக்கு டைம்டேபிள் தெரியும், தண்டவாளம் தெரியாது. பதினான்கு மாதம் நான் வரைந்தேன், நான் கணக்குப் போட்டேன், நான் எழுதினேன். அவர் பெயரில் போயிற்று. அவர் ஜப்பான் போய் அந்த ஊர் வண்டிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். "என் பெயர் எங்கே சார்?" ஒரே ஒரு தடவை கேட்டேன். மறு மாதம் ஒரு பொட்டல் ஸ்டேஷனுக்கு மாற்றல். மூன்று வருடம் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டு வேலையை எழுதிக் கொடுத்தேன். இப்போது ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கட்டட மேற்பார்வை. சுண்ணாம்பு, ஓடு, கக்கூஸ் குழாய்.

இன்று ஜெபத்தில் மன்னிப்பு வரும் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற என் மனைவி பாக்கியம் முழங்கையால் இடித்தாள். எங்கே மூடினேன் என்று அவளுக்குத் தெரியும்.

20.9, திங்கள்

7.40 பஸ். இடமில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். முன்னால் மம்சாபுரத்துக்காரர்கள் இரண்டு பேர். நோட்டீஸ் பற்றித்தான் பேச்சு.

"டெல்லிக்கு எட்டு மணி நேரத்துல போயிருமாம்ல அந்த வண்டி?"

"டெல்லில உனக்கு யாருலே இருக்கா? இங்கன இருந்து ராஜபாளையத்துக்கு எட்டு நிமிசத்துல போகும்னு சொல்லு, ஓட்டுப் போடுதேன்."

"எட்டு நிமிசத்துல போனா கண்டக்டர் எப்பம்லே டிக்கெட் குடுப்பான்?"

"அதான் சொல்லுதேன்."

டெல்லிக்கு எட்டு மணி நேரம் இல்லை, பதினொன்று. என் கணக்கு. வாய் வரை வந்தது, விழுங்கினேன்.

ஆலையில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். ஏழு வருடத்தில் முதல் தடவை.

"தனராஜ், நீங்க பழைய ரயில்வேல்ல? அந்த ஐயாவைத் தெரியுமாமே?"

"தெரியும்."

"அப்புறம் என்ன!" மானேஜர் பக்கம் திரும்பி அவர்கள் தெலுங்கில், "மன தனராஜே!" நம்ம தனராஜேதான் என்று அர்த்தம். "வரவேற்புக் குழுல உங்களைப் போட்டாச்சு. நம்ம ஊருக்குப் பெரிய லைன் வரணும்னா இந்த மாதிரி ஆளுகளை நாம மரியாதையா கவனிக்கணும்."

என் வேலைகள்:
1. சனி காலை ஸ்டேஷனில் ச.வை எதிர்கொள்வது.
2. விருந்தினர் அறை. கொசுவலை, ஹீட்டர்.
3. மேடைக்குப் பின்னால் மாட்ட நாட்டுப் படம். ஆறடிக்கு நாலடி. பாதை சிவப்பில்.
4. சிவகாசியில் அச்சாகி வரும் அவருடைய புத்தகம், முந்நூறு. நாற்காலிக்கு ஒன்று.

ஆக, என் படத்தை அவருக்காக இன்னொரு முறை நானே வரைய வேண்டும். சிவப்பில்.

21.9, செவ்வாய்

காலையில் சாரல், கால் மணி நேரம். ஏணி வரவில்லை.

மாதிரிப் பிரதி ஒன்று முதலாளி மேஜைக்கு வந்திருந்தது; கேட்டு வாங்கி வந்தேன். அறுபத்து நாலு பக்கம், வழவழ அட்டை. அந்த முன்வரைவேதான். சுருக்கித் தமிழில் போட்டிருக்கிறார்.

ப. 4: படம். என்னுடையது. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் என் பேனா ஒரு இடத்தில் வழுக்கிக் கடலுக்குள் போனது. புத்தகத்திலும் பாதை அங்கே கடலுக்குள் போகிறது.
ப. 6: பதினோரு மணி நேரம். என்னுடையது.
ப. 11: "வேகம் என்பது எஞ்சினில் இல்லை, வளைவில் இருக்கிறது." என் வாக்கியம். இதை அவரிடம் நான் சொன்னபோது, "இதெல்லாம் ரிப்போர்ட்ல வேண்டாம், கவிதை மாதிரி இருக்கு" என்றார்.
ப. 20 முதல் 31 வரை: அட்டவணைகள். ஒன்பதும் என்னுடையவை.

முன்னுரையில் நன்றி: மனைவி, மாமனார், டைப்பிஸ்ட், அச்சகத்தார், "அவ்வப்போது தேநீர் தந்து உற்சாகப்படுத்திய கடைநிலை ஊழியர்".

டீ கொண்டுவந்தவனுக்கு இடம் இருக்கிறது. எதிர்மேஜையில் உட்கார்ந்து பதினான்கு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டவனுக்கு இல்லை.

ரத்த அழுத்த மாத்திரை இன்று இரண்டு.

23.9, வியாழன்

இன்று இரண்டு தடவை பேனாவைத் திறந்து மூடி வைத்தேன். காரணம் கோபம் மட்டும் இல்லை.

மதிய இடைவேளையில் அட்டவணைகளைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். எண் மாறாமல் திருடியிருக்கிறார் என்று ஊருக்குக் காட்ட. ஒன்று முதல் ஆறு வரை சரி. ஏழில் நின்றேன். மூவாயிரம் மீட்டர் வளைவு, இருநூறு கிலோமீட்டர் வேகம்: வெளித் தண்டவாளத்தைத் தூக்கும் உயரம் 111 மில்லிமீட்டர். வரவே வராது. 184 வர வேண்டும். அட்டவணை முழுக்க இப்படி. எல்லாம் அதே அளவில் குறைவு.

முதலில் மகிழ்ச்சி. காப்பியடிக்கக்கூடத் தெரியவில்லை என்று. வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து என் பழைய கணக்கு நோட்டை எடுத்தேன். பக்கத்தின் மேல் மூலையில், என் கையெழுத்தில்: 1058.

1058 சின்ன லைன் எண். மீட்டர் பாதை. பெரிய லைனுக்கு, அதாவது அகலப் பாதைக்கு, 1750 போட வேண்டும். பத்தொன்பது வருடம் மீட்டர் பாதையில் கயிறு பிடித்து வளைவு அளந்த கை. யோசிக்காமலே 1058 எழுதியிருக்கிறது. நான். நானேதான்.

பாக்கியம் காப்பி கொண்டுவந்தாள். முகத்தைப் பார்த்தாள். "என் கணக்குலதான் தப்பு" என்றேன்.

"அப்படி என்னங்க தப்பு?"

"சைக்கிள்ல திரும்பும்போது உள்பக்கமா சாயிறோம்ல? ரயில் தானா சாயாது. அதனால வளைவுல வெளித் தண்டவாளத்தைத் தூக்கி வைக்கணும். எம்புட்டுத் தூக்கணும்ங்கறதுதான் இந்த அட்டவணை. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல எம்புட்டு அகலமோ அதுக்குத் தக்கன கணக்கு மாறும்."

"நீங்க சின்ன லைன் அகலத்தைப் பெரிய லைனுக்குப் போட்டுட்டீங்க."

"ம்."

"அரைப்படிச் சோத்து உப்பை அண்டாவுக்குப் போட்ட மாதிரி." சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அவிய பன்னெண்டு வருசமா அதைப் பாக்கவே இல்லையா?"

அவள் போன பிறகு அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன். பார்க்கவே இல்லை. பார்த்தாலும் தெரியாது. பெரிய லைன் என்றால் அவருக்கு 1676தான் தெரியும். அது இரண்டு தண்டவாளத்தின் உள்விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரம், பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இருக்கும். சக்கரம் விளிம்பில் ஓடாது, தண்டவாளத்தின் தலைமேல் ஓடும். ஆகவே தலையின் நடுவிலிருந்து தலையின் நடு, 1750. கயிறு பிடித்தவனுக்குத்தான் அது தெரியும்.

பிறகுதான் உறைத்தது. 1058 என் கைரேகை. ச. ஒரு நாள்கூட மீட்டர் பாதையில் வேலை பார்த்தவர் இல்லை. அவர் கையிலிருந்து இந்த எண் வரவே வராது. திருடியவர் பொருளோடு சேர்த்து என் ரேகையையும் எடுத்துக்கொண்டு போய் முந்நூறு பிரதி அச்சடித்திருக்கிறார்.

25.9, சனி

புரட்டாசிச் சனி. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெருமாள் மலையான திருவண்ணாமலைக்குப் போகும் கூட்டம் விடியுமுன்பே ரோட்டை நிறைத்துவிட்டது. துளசி மாலை, மொட்டை, கோவிந்தா. சேத்தூருக்குப் பஸ் பிடிக்க முக்கால் மணி நேரம்.

மூக்கையாவைப் பார்க்கப் போனேன். என் வயது. இன்னும் ரயில்வேயில் கேங்மேட், பத்து ஆளை வைத்துத் தண்டவாளம் பார்ப்பவர். அந்தக் காலத்தில் நான் வளைவு அளக்கும்போது கயிற்றின் மறுமுனை எப்போதும் அவர் கையில். வயலில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "மூணாம் தேதி வாரும். எழுந்து நின்று, ஆமா, அந்தக் காலத்துல கணக்கெல்லாம் தனராஜ் சார்தான் போடுவார்னு ஒரு வார்த்தை சொல்லும்."

கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தப்பு அவர் போட்டதா, நீங்க போட்டதா?"

"நான் போட்டது."

"அதைச் சபையில சொல்லப் போறீக."

"சொன்னால்தான் திருட்டு நிரூபணமாகும்."

"சார், என் கோழியைத் திருடிட்டான்னு ஊரைக் கூட்டி, அந்தக் கோழிக்குச் சீக்கு இருந்துச்சு, அதை வச்சுத்தான் என் கோழின்னு கண்டுபிடிச்சேன்னு சொன்னா, ஊரு என்ன சொல்லும்?"

மோட்டார் போல்ட் ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

"சீக்குக் கோழி வளத்தவன்னு உங்களைத்தான் சொல்லும்."

வர மாட்டாராம். ஞாயிறும் டியூட்டியாம். பயம். இவரையும் குறித்துக்கொண்டேன். வெண்டைக்காய் ஒரு பை கொடுத்தனுப்பினார். அதையும் நியாயமாகக் குறிக்கிறேன்.

30.9, வியாழன்

படம் முடிந்தது. நாகர்கோவில் பக்கத்தில் பேனா வழுக்கிய இடத்தை வேண்டுமென்றே அப்படியே போட்டேன். சிவப்பில் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது.

தலைமை விருந்தினர் யார் என்று இன்றுதான் சொன்னார்கள். பாதைப் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மெட்ராசிலிருந்து வருகிறார். ஆண்டவர் என் பக்கம் இருக்கிறார். அந்த மனிதருக்கு 111 என்ற எண்ணைக் காட்டினால் போதும். மீதி அவர் முகம் சொல்லும்.

ஒத்திகை, குளியலறையில்:
- முதலில் வணக்கம். குரல் உயரக் கூடாது.
- "பக்கம் 27, ஏழாம் அட்டவணை. இந்த 111 எப்படி வந்தது என்று ஐயா விளக்க வேண்டும்."
- அவர் முழிப்பார். காத்திருக்க வேண்டும். அவசரப்படக் கூடாது.
- "இது மீட்டர் பாதைக்காரன் கை. ஐயா மீட்டர் பாதையில் வேலை பார்த்ததில்லை. அப்படியானால் இது யார் கை?"
- உட்கார்ந்துவிட வேண்டும். பதில் சொல்லாமல் விடுவதுதான் அழகு.

நீலச் சட்டை இஸ்திரிக்குப் போட்டாயிற்று. வெளியிலிருந்து பாக்கியம்: "உள்ள யாருகிட்ட பேசுறீக?"

2.10, சனி

மெயில் ஒரு மணி நாற்பது நிமிடம் தாமதம். அதிவேக ரயில் நிபுணர். பிளாட்பாரத்தில் மாலையோடு நின்றேன்; சம்பங்கி வாடிக் கழுத்து தொங்கிவிட்டது.

முதல் வகுப்பிலிருந்து இறங்கினார். தலை முழுக்க வெள்ளை. தொப்பை. என்னைப் பார்த்த கணத்தில் முகம் மலர்ந்தது, கொஞ்சம்கூடக் கூச்சமில்லை.

"தனராஜ்! நீங்க இங்கயா இருக்கீங்க! எவ்வளவு வருஷமாச்சு! கண்ணு எப்படியிருக்கு? அப்பவே கண்ணாடி போடச் சொன்னேனே!"

தோளில் கை போட்டார். பிறகு நடந்ததை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, போர்ட்டர் பக்கத்திலேயே நின்றான். பன்னிரண்டு வருடமும் என் முதுகிலிருந்து ஒரே வினாடியில் உதிர்ந்து, எண்பதாம் வருடத்து முதுகு வளைந்தது. கார் வரை தூக்கினேன். கனமான பெட்டி.

இந்தப் பெட்டிக்கும் நாளை சேர்த்துத்தான்.

3.10, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை.

மண்டபம் நிறைந்தது. ஆலைக்காரர்கள், பஞ்சு வியாபாரிகள், வக்கீல்கள், காலேஜ் பையன்கள். குத்துவிளக்கு. வரவேற்புரையில் முதலாளி, "நம்ம ஊரு வண்டி இருக்கே, நடந்து போறவன் ஏறிட்டு, அலுத்துப்போய் இறங்கி மறுபடி நடக்கலாம்" என்றார். சிரிப்பு. ச. ஒரு மணி நேரம் பேசினார். என் வாக்கியத்தை, "வேகம் எஞ்சினில் இல்லை, வளைவில் இருக்கிறது" என்பதை, கையை வளைத்துக் காட்டிச் சொன்னார். பலத்த கைதட்டல். எனக்குக் காது அடைத்தது.

"கேள்விகள் உண்டா?"

எழுந்தேன். மைக் வந்தது. வணக்கம். பக்கம் 27. எல்லோரும் புரட்டும் சத்தம், மழை மாதிரி. 111 எப்படி வந்தது?

ச. பக்கத்தைப் பார்த்தார். முழித்தார். தலைமை விருந்தினர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து ஓரத்தில் போட்டுப் பார்த்தார். புருவம் ஏறியது. "குறையுதே. ஆயிரத்து ஐம்பத்தெட்டு! இது மீட்டர் கேஜ் எண்ணாச்சே!" மைக்கில் கேட்டது.

அந்த வினாடிக்காகத்தான் பன்னிரண்டு வருடம். சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன். "இது மீட்டர் பாதைக்காரன் கை. அப்படியானால் இது யார் கை?"

உட்காரவில்லை. உட்கார்ந்திருக்க வேண்டும்.

ச. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். விருந்தினரின் முகத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. பிறகு சிரித்தார். வாய் நிறைய.

"வேற யாரு கை? உங்க கைதான் தனராஜ்!"

சபை திரும்பியது.

"பெரியோர்களே, இவர் உங்க ஊர்க்காரர். அந்தக் காலத்துல என்கிட்ட டிராப்ட்ஸ்மேன். இந்த அட்டவணையைப் போட்டது இவர்தான். நான் நம்பி அப்படியே போட்டுட்டேன். செக் பண்ணாதது என் குறை. இன்னிக்கு நாலு பேர் முன்னால, நான் போட்டது தப்புன்னு தானே எழுந்து சொல்றாரே, இந்த மனசு யாருக்கு வரும்?"

தலைமை விருந்தினர் நல்ல மனிதர், குத்திக் காட்டச் சொல்லவில்லை: "சின்ன லைன் கை. பழக்கம், பழக்கம். எங்க ஆளுக நிறையப் பேர் செய்வாங்க."

சிரிப்பு. அன்பான சிரிப்பு. அதுதான் தாங்கவில்லை.

ச. தன் மேல் போட்டிருந்த பொன்னாடையை எடுத்தார். இறங்கி வந்தார். என் மேல் போர்த்தினார். "அடுத்த பதிப்புல ஏழாம் அட்டவணைக்குக் கீழே கணக்கிட்டவர் தனராஜ்னு போடுவேன். இது வாக்கு." கைதட்டல் நிற்கவே இல்லை. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எந்த வாயிலிருந்து என் பெயர் வர வேண்டும் என்று காத்திருந்தேனோ அந்த வாயிலிருந்து வந்தது. மைக்கில், முந்நூறு பேர் முன்னால், தப்புக்கு.

மற்ற எட்டு அட்டவணையும் அவருடையவை. இது ஒன்று மட்டும் என்னுடையது.

4.10, திங்கள்

ஆலை வாசலில் வாட்ச்மேன்: "வணக்கம், ஆயிரத்து ஐம்பத்தெட்டு சார்!" மரியாதையாகத்தான் சொல்கிறான். நேற்று டீ கொடுக்க வந்தவன். குறித்துக்கொண்டேன்.

ஸ்பின்னிங் பக்கம் யாரோ: "நம்ம தனராஜ் சாருதான் அந்த ரயிலையே கண்டுபிடிச்சவராம்லே."

"பொறவு ஏன் இங்கன கக்கூஸ் குழாய் மாட்டுதாரு?"

"அதுல ஏதோ தப்பாப் போச்சாம்."

பாக்கியம் பொன்னாடையைத் தையல் மிஷின்மேல் போர்த்தியிருக்கிறாள். எடுக்கச் சொன்னேன். "நல்ல ஜரிகைங்க. தூசி விழாது." எடுக்கவில்லை.

7.10, வியாழன்

ஏணி வந்தது. ஓடு இரண்டு மாற்றினேன். மூன்றாவது உடைந்தது. ஏணியின் மூன்றாம் படியும். வாத்தியாருக்கும் எனக்கும் பேச்சு நின்றது, நிம்மதி.

9.10, சனி

மழை இருட்டு. மழை இல்லை.

முதலாளி ஒரு கவர் கொடுத்தார். ச. மெட்ராசிலிருந்து அனுப்பியது. டெல்லியில் அடுத்த மாதம் ஒரு கருத்தரங்காம். அதற்கு இரண்டாம் பதிப்பு. ஆங்கிலத்தில், ஐந்நூறு பிரதி. அச்சடிப்பது அதே சிவகாசி அச்சகம்; அவர் திருத்திய புரூப் கவருக்குள். திங்கள்கிழமை ஆலை வண்டி நூல் ஏற்றிச் சிவகாசி போகும்போது கொடுத்துவிட வேண்டும். கூடவே ஒரு சீட்டு: "அன்புள்ள தனராஜ், ஏழாம் அட்டவணையை நானே திருத்திவிட்டேன். ஒரு பார்வை பார்த்து அனுப்பவும். உங்கள் பெயர் கீழே இருக்கிறது, பாருங்கள்! தலைமை விருந்தினராக வந்த பெரியவர் அங்கேயும் முன்வரிசையில் இருப்பார். நம் திருத்தத்தைப் பார்த்து மகிழ்வார்."

பார்த்தேன்.

மூவாயிரம் மீட்டர் வளைவு, இருநூறு வேகம்: 176.

184 இல்லை. 176. ஓரத்தில் அவர் கையெழுத்தில், நிதானமாக, அழகாக: 1676.

உள்விளிம்பு. பள்ளிக்கூட எண். தலையின் நடு வரை போகவே இல்லை. ஒரு நாள் ஒரு மணி நேரம் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். அட்டவணை முழுக்க அந்த எண். ஐம்பத்து நாலு கட்டம். ஐம்பத்து நாலும் தப்பு.

இது மீட்டர் பாதைக் கை இல்லை. இது மேஜைக் கை. இந்தியாவில் பாதைக்காரன் எவனும் செய்ய மாட்டாத தப்பு.

கீழே: கணக்கிட்டவர், தனராஜ்.

கவரை மூடிப் பைபிளுக்கு அடியில் வைத்தேன். சாப்பிடும்போது பாக்கியம் கேட்டாள், "என்னங்க சிரிக்கிறீக?" சிரித்தது எனக்கே தெரியாது.

10.10, ஞாயிறு

பிரசங்கம் சத்துருவின் எரிகிற வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி. போதகர் ஐயர் என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. பார்க்கவில்லை, அவருக்கு மாறுகண்.

பாக்கியத்திடம் சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது.

"திருத்திக் குடுத்திருங்க" என்றாள். உடனே. யோசிக்கக்கூட இல்லை.

"திருத்தினால்? ஒன்பது அட்டவணையும் சரி. பெயர் அவருக்கு. டெல்லியில் கைதட்டல் அவருக்கு."

"இதுல உங்க பேரும் இருக்கே."

"இருக்கிறது."

"அப்ப தப்பா போனா உங்களுக்கும்தானே அவமானம்?"

அதையேதான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தப்பால வண்டி கவுந்து யாராச்சும் செத்தா?"

"அந்தப் பாதை நம் ஆயுளில் வராது. வந்தாலும் புத்தகம் பார்த்தா போடுவார்கள்? பத்து இன்ஜினீயர் பத்துத் தடவை கணக்குப் பார்ப்பார்கள். ஒருத்தரும் சாக மாட்டார்கள்."

அவள் என்னையே பார்த்தாள். "ஒருத்தரும்?"

அரிசி களையப் போய்விட்டாள். மத்தியானம் பொன்னாடையை மிஷினிலிருந்து எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். நான் சொல்லும்போது எடுக்காதவள்.

மூக்கையாவின் கோழி ஞாபகம் வந்தது. சீக்குக் கோழி. ஆனால் இது என் கோழி இல்லை. முதல் தடவையாக, இது அவர் வளர்த்தது.

இரண்டு யோசனை:
(அ) 1750 என்று திருத்தி, பெயரோடு அனுப்புவது. பன்னிரண்டு வருடம் கேட்டது கிடைக்கும். ஒன்பதில் ஒன்று.
(ஆ)

11.10, திங்கள்

காலை ஆறிலிருந்து மழை. நல்ல மழை. சமையலறை ஒழுகவில்லை, முன்னறை ஒழுகுகிறது. வாளி வைத்தேன்.

7.40 பஸ் 8.20க்கு வந்தது.

மத்தியானம் கடிதம் எழுதினேன். ஒரே தடவையில், அடித்தல் திருத்தல் இல்லாமல். நகல்:

"மதிப்பிற்குரிய ஐயா, ஏழாம் அட்டவணையைப் பார்த்தேன். தாங்களே முழுவதும் புதிதாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள். இதில் என் பங்கு எதுவும் இல்லை. பிறர் உழைப்பின் கீழே பெயர் போட்டுக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை. ஆகவே என் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் பெயரையே போடும்படி அச்சகத்துக்குச் சொல்லியிருக்கிறேன். பணிவுடன், தனராஜ்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

முதலாளியிடம் காட்டினேன். படித்துவிட்டு எழுந்து நின்றார். "வீடு தேடி வந்த பேரை வேண்டாம்னு சொல்றீங்களே! இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா?" கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் மானேஜருக்கும் படித்துக் காட்டினார்.

புரூபில் எண்களைத் தொடவில்லை, என் பெயரை மட்டும் சிவப்பு மையால் அடித்தேன். ஒரே கோடு, ஸ்கேல் வைத்து. மேலே அவர் பெயரை எழுதினேன். இந்த நோட்டில் எழுதாத அதே பெயர், இனிஷியலோடு, மூன்று பட்டத்தோடு, ஒரு எழுத்துக்கூட விடாமல்.

3.15க்கு நூல் வண்டி சிவகாசிக்குப் புறப்பட்டது. கவரை டிரைவர் மடியில் வைத்து, நனையாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கொடுத்தேன். வண்டி கேட்டைத் தாண்டிய பிறகு கைகாட்டி நிறுத்தி, மழையில் ஓடிப் போய், அச்சகத்தில் சொல்லச் சொன்னேன்: பெயர் தடித்த எழுத்தில்.